‘எனக்கு லாஜிக் வராது’: நிரல் எழுதப் பழகுபவர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நிரல் எழுதப் பழகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “எனக்கு லாஜிக் வராது.” இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் பழுது பார்க்க முடியாது. எந்த வரி, எந்த ஃபைல், எந்த இடத்தில் கை நின்றது என்ற தகவல் எதுவும் இதில் இல்லை. கொஞ்சம் கிளறிக் கேட்டால் உள்ளே இருப்பது வேறாக இருக்கும். மேற்கோள் குறி வளைந்திருக்கும். ஃபைலுக்கு வைத்த பெயர் இடிக்கும். பார்த்த வீடியோ பல ஆண்டுகள் பழையதாக இருக்கும். இவற்றில் எதுவும் மூளையின் குறையல்ல.

அதனால் மனம் தளரும் இடங்களை அறிகுறிகளாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்கவேண்டியதில்லை, உங்களுக்கு இருக்கும் அறிகுறியைத் தேடி அங்கே போகலாம். எடுத்துக்காட்டுகள் பைதான் மொழியில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலும் அதுதான் இருக்கிறது. பைதான் 3இல் மாறிகளுக்கு (மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிகள்) தமிழிலேயே பெயர் வைக்க முடியும் என்பதால், கீழே உள்ள வரிகளை அப்படியே தட்டிப் பார்க்கலாம்.

அறிகுறி: நிறுவியாகிவிட்டது, ஆனால் எதுவும் ஓடவில்லை

விண்டோஸில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து பைதான் என்று ஆங்கிலத்தில் தட்டுகிறீர்கள். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்கிறது. அல்லது சம்பந்தமில்லாமல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து நிற்கிறது. பைதானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் ‘பாத்’ என்ற சொல்லோடு ஒரு சிறு கட்டம் இருந்திருக்கும். அதை டிக் செய்யாமல் தாண்டி வந்திருப்பீர்கள். எல்லோரும் தாண்டித்தான் வருகிறார்கள், ஏனென்றால் அது தானாக டிக் ஆகியிருக்காது. பைதானை நீக்கிவிட்டு, அந்தக் கட்டத்தை டிக் செய்து மறுபடி நிறுவுங்கள். அதற்கு முன் பி, ஒய் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும் தட்டிப் பாருங்கள். பல கணினிகளில் அதிலேயே பைதான் திறந்துவிடும்.

இன்னொரு வகை: நிரல் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு கறுப்புச் சன்னல் மின்னலாக வந்து மறைகிறது. அதில் பிழை எதுவும் இல்லை. நிரல் ஓடி முடிந்தது, சன்னல் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். பைதானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற எடிட்டரில் அந்த ஃபைலைத் திறந்து எஃப்5 பொத்தானை அழுத்துங்கள். விடை கண்முன் நிற்கும்.

நிறுவுவது தனி வேலை, நிரலாக்கம் தனி வேலை. முதல் நாளே பெரிய எடிட்டர், அதற்கு இருபது நீட்சிகள், கறுப்புப் பின்னணித் தீம் என்று அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் மூன்றாம் நாள் களைத்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் நிறுவ முடியவில்லை என்றால் விட்டுவிட்டு, பிரவுசரில் கூகுள் கோலாப் திறந்து எழுதத் தொடங்குங்கள். கூகுள் கணக்கு இருந்தால் போதும். கணினியே இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு செயலியை இறக்கிக்கொள்ளலாம். சின்னத் திரைதான், ஆனால் லூப்பும் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) ஃபங்ஷனும் (ஒரு வேலைக்கான வரிகளைப் பெயரிட்டு வைத்து, வேண்டும்போது அழைப்பது) பழக அது தாராளம்.

அறிகுறி: சிவப்பு எழுத்தைக் கண்டாலே கை நின்றுவிடுகிறது

இந்த ஒன்றைச் சரிசெய்துகொண்டால் மீதிப் பாதை பாதியாகக் குறையும். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

பிழைச் செய்தி திட்டுவதற்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் சிவப்பாக இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது, நீளமாக இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு மூன்றும் சேர்ந்து ஒரு சுவராக நிற்கும். பெரும்பாலானோர் முதல் வரியைப் படித்துவிட்டு மீதியை மூடிவிடுகிறார்கள். பைதானில் படிக்கவேண்டிய முறை தலைகீழ்: கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். என்ன வகைப் பிழை, எதனால் என்பது கடைசி வரியில் இருக்கும். அதற்கு மேலே தவறிய வரி அப்படியே காட்டப்பட்டிருக்கும். அதற்கும் மேலே ஃபைலின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். நீளமான செய்தியில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஃபைல் பெயர்கள் பல வரலாம். உங்கள் ஃபைல் பெயர் எங்கே வருகிறது என்று மட்டும் தேடுங்கள். மற்றவை நீங்கள் எழுதாதவை. அவற்றில் பிழை இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிற பிழைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ‘நேம் எரர்’ என்றால், அந்தப் பெயரில் எதையும் நீங்கள் அறிமுகப்படுத்தவில்லை என்று பொருள். மேலே ‘மொத்தம்’ என்று வைத்துவிட்டுக் கீழே ‘மொதம்’ என்று தட்டியிருப்பீர்கள். பைதானின் புதிய பதிப்புகள் நெருங்கிய பெயர் கிடைத்தால் ‘இதையா சொல்ல வந்தீர்கள்’ என்று எடுத்துக்கொடுக்கவும் செய்யும். ‘இன்டென்டேஷன் எரர்’ வந்தால் வரித் தொடக்கத்தில் விட்ட இடைவெளி ஒழுங்காக இல்லை. ‘டைப் எரர்’ வந்தால் எண்ணோடு எழுத்தைக் கூட்டப் பார்த்திருக்கிறீர்கள், அல்லது அது போன்ற ஒரு பொருந்தாச் சேர்க்கை. ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு பிழை என்று பெயரை எழுதி, அது வந்த வரியையும் சரிசெய்த வரியையும் கீழே எழுதிவையுங்கள். அந்த நோட்டு நிரம்பும் முன்பே சிவப்பு எழுத்து பழகிவிடும்.

‘சின்டாக்ஸ் எரர்’ மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். நான்காம் வரியில் அடைப்புக்குறியை மூட மறந்திருப்பீர்கள். ஐந்தாம் வரியில் தவறு என்று வரும். ஐந்தாம் வரியை எத்தனை முறை பார்த்தாலும் அதில் தவறே தெரியாது. தெரியாததால், தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். 2021இல் வந்த பைதான் 3.10 முதல், திறந்த அடைப்புக்குறி எது என்றே நேராகச் சொல்லிவிடுகிறது. பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் பழைய பதிப்பு இருக்கக்கூடும். காட்டிய வரி சுத்தமாக இருந்தால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். இது எல்லாப் பதிப்புக்கும் பொருந்தும்.

எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது, ஆனாலும் ‘செல்லாத குறியீடு’ என்கிறதா? மேற்கோள் குறிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேர்டு ஃபைலில் வந்த குறிப்பிலிருந்து நகலெடுத்திருந்தால் அவை வளைந்திருக்கும். வேர்டு, நேரான மேற்கோள் குறியைத் தானாகவே அழகுபடுத்தி வளைத்துவிடும். பைதானுக்கு அந்த அழகு ஆகாது. அழித்துவிட்டு நேரான குறியைக் கையால் தட்டுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நிரலை வேர்டில் போட்டு அனுப்பாதீர்கள். உங்கள் மாணவர் ஒருவரின் மாலைப் பொழுது அதில் போய்விடும்.

அடுத்தது, தொடக்கக்காரர்களைக் குறிவைத்தே காத்திருக்கும் பிழை. ஒருவர் டர்ட்டில் என்ற நூலகத்தை, அதாவது பைதானோடு வரும் ஓர் ஆயத்த நிரல் தொகுப்பைப் பற்றிப் படிக்கிறார். திரையில் ஆமை நகர்ந்து கோடு போடும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். தானும் ஒரு ஃபைல் திறந்து, பாடத்தின் பெயரையே வைப்போம் என்று ‘டர்ட்டில்’ என்றே சேமிக்கிறார். ஓடவிட்டால், டர்ட்டிலில் அப்படி ஒன்றே இல்லை என்று பிழை வருகிறது. பாடத்தில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரருக்கு ஓடுகிறது, இவருக்கு மட்டும் ஓடவில்லை. மனம் உடைய இதைவிட வேறென்ன வேண்டும்? நடந்தது இதுதான்: டர்ட்டிலைக் கொண்டுவா என்றால் பைதான் முதலில் உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடும். அங்கே அதே பெயரில் உங்கள் ஃபைல் இருக்கிறது. உண்மையான நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்கிறது. ஃபைலின் பெயரை மாற்றினால் தீர்ந்தது. ‘ரேண்டம்’, ‘மேத்’ போன்ற பெயர்களையும் தவிர்த்துவிடுங்கள். பைதான் 3.13இல் இந்தப் பெயர் மோதலைச் சுட்டிக்காட்டும் செய்தியையே சேர்த்துவிட்டார்கள். அப்படியென்றால் உலகம் முழுக்க எத்தனை பேர் இதில் விழுந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழை தேடுவது தொடக்கக்காரர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட தண்டனையும் அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் கணினியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் 1949ஆம் ஆண்டைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கணினி இருந்த அறைக்கும், நிரலைக் காகித நாடாவில் துளைகளாகப் பதிக்கும் கருவிக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்தபோது, மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களிலேயே பிழை தேடுவதில்தான் போகப்போகிறது என்று அவருக்கு உறைத்ததாம். கணினியைக் கட்டியவருக்கே அந்த நிலைமை.

அறிகுறி: பிழைச் செய்தி இல்லை, ஆனால் விடை தவறு

சிவப்பு எழுத்தைவிட இது மோசம், ஏனென்றால் கணினி சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஐடிலைத் திறந்ததும் வரும் ‘>>>’ குறிக்குப் பக்கத்தில் கீழே உள்ள இரண்டு வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்:

விலை = "45"
விலை * 2

90 வரவேண்டும், வருவது '4545'. மேற்கோள் குறிக்குள் இருப்பதால் பைதானுக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து வரிசை. எழுத்து வரிசையை இரண்டால் பெருக்கினால் இரண்டு முறை எழுதும். நாம் நேரடியாக மேற்கோள் குறி போடாதபோதும் இது நடக்கும். ‘இன்புட்’ வழியாகப் பயனர் தட்டுவது எதுவாக இருந்தாலும், அவர் எண்ணையே தட்டினாலும், எழுத்து வரிசையாகத்தான் வந்து சேரும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெருக்கல் வாய்ப்பாடு எழுதுகிறீர்கள், ஒன்பதோடு நின்றுவிடுகிறதா? ‘ரேஞ்ச்’ என்பதற்கு 1, 10 என்று கொடுத்திருப்பீர்கள். அது கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. 10 வரை வேண்டுமென்றால் 11 கொடுக்கவேண்டும். இது ஏதோ வீம்பு என்று தோன்றும். ஆனால் பைதான் பட்டியல்களை 0இலிருந்து எண்ணுகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு உதைக்காது: பத்துப் பொருள் உள்ள பட்டியலுக்கு 0 முதல் 9 வரை எண்கள், ‘ரேஞ்ச்’ 10 கொடுப்பதும் அதே பத்து எண்கள்.

0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதைக் கண்டு பயப்படவேண்டாம். கணினி பயன்படுத்தும், 0உம் 1உம் மட்டுமே உள்ள இரும எண் முறையில் 0.1ஐ முழுத் துல்லியமாக எழுத முடியாது. பணக் கணக்கு என்றால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே கணக்கிடுங்கள்.

தமிழில் நிரல் எழுதிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் நேரும் ஒன்று உண்டு. இருபுறமும் ஒன்றாக வாசிக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல் எல்லாப் பாடத்திலும் வரும் பயிற்சி. ஆங்கிலச் சொற்களுக்குச் சரியாக வேலை செய்கிறது. சரி, தெனாலிராமன் பட்டத்தையே கொடுத்துப் பார்ப்போம் என்று இப்படித் தட்டுகிறார்கள்:

சொல் = "விகடகவி"
சொல் == சொல்[::-1]

இரண்டாவது வரி, சொல்லைத் திருப்பிப் போட்டு, பழையதும் புதியதும் ஒன்றா என்று கேட்கிறது. ‘ஃபால்ஸ்’ என்று பதில் வருகிறது, அதாவது ஒன்றல்ல. விகடகவியே திருப்பி வாசித்தால் விகடகவி இல்லை என்றால், தவறு தன் நிரலில்தான் இருக்கவேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நிரல் சரி. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ‘வி’ என்பது ஒரு குறியீடு அல்ல. ‘வ’ ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ஆக இரண்டு. நமக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் சொல் பைதானுக்கு ஏழு. திருப்பிப் போடும்போது கொக்கி முதலில் வந்து நிற்கிறது, ஒப்பிட்டால் பொருந்தாது. இதே காரணத்தால் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 என்று வராமல் 5 என்று வரும். தமிழ் எழுத்துகளை முழு எழுத்தாகப் பிரித்துக்கொடுக்க ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற நூலகம் இருக்கிறது. அதைக் கொண்டு முதலில் எழுத்துகளின் பட்டியலாக்கி, பிறகு பட்டியலைத் திருப்பினால் விகடகவி விகடகவியாகவே நிற்பார்.

விடை தவறாக வந்தால் பொதுவாகச் செய்யவேண்டியது ஒன்றுதான்: நடுவில் பிரிண்ட் போடுங்கள். ஒவ்வொரு மாறியிலும் அந்த நேரத்தில் என்ன இருக்கிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்ததும் உண்மையில் இருப்பதும் முதன்முதலில் எந்த வரியில் வேறுபடுகிறதோ அங்கேதான் பிழை. பிழை தேடுவதற்கென்றே டிபக்கர் என்ற பெரிய கருவிகள் இருக்கின்றன. அனுபவசாலிகளும் பல நேரம் பிரிண்ட்தான் போடுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.

அறிகுறி: வீடியோ பார்த்தால் எல்லாம் புரிகிறது, வெற்றுத் திரை முன்னால் கை ஓடவில்லை

அதிகம் பேரை வீட்டுக்கு அனுப்பும் அறிகுறி இது. நாற்பது மணி நேரப் பாடத்தை முடித்திருப்பார்கள், சான்றிதழ்கூட வந்திருக்கும். ஆனால் ‘நீங்களாக ஒன்று எழுதுங்கள்’ என்றால் முதல் வரியே வராது. உடனே லாஜிக் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

வீடியோவில் எழுதுகிறவர் எல்லா முடிவுகளையும் உங்களுக்கு முன்பே எடுத்துவிடுகிறார்: எந்த மாறி வேண்டும், எதை முதலில் செய்வது, எங்கே லூப் வருவது. நீங்கள் பார்ப்பது முடிவுகள் எடுத்தபின் மிஞ்சிய தட்டச்சு மட்டும். அது புரிவதில் வியப்பில்லை. முடிவெடுக்கும் பழக்கம் தனி. அதற்கு வீடியோவை மூடவேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிட்டு, பார்த்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்காக மட்டும் மறுபடி திறங்கள். எழுதி முடித்ததும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். கூட்டல் இருந்த இடத்தில் சராசரி, ஒரு பெயர் இருந்த இடத்தில் ஐந்து பெயர். அந்த மாற்றம் வீடியோவில் இல்லாததாக இருக்கவேண்டும்.

அதன் பிறகு சொந்தமாக ஒன்று. எல்லோரும் பயிற்சிக்கு எழுதச் சொல்லும் கால்குலேட்டரும் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலும் எனக்குச் சலித்துவிட்டன. செய்து முடித்தாலும் சரியா தவறா என்று ஒப்பிட எதுவும் இருக்காது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வீட்டு மின் கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கு; விடை ஏற்கெனவே மின் அட்டையிலோ குறுஞ்செய்தியிலோ இருக்கிறது. உங்கள் நிரல் அந்தத் தொகையைச் சொல்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: யூனிட் எண்ணிக்கையைக் கேட்டு அதையே திருப்பி அச்சிடும் நிரல். சிரிக்கவேண்டாம், இதை ஓடவிடுங்கள். பிறகு இலவச யூனிட்டுகள். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016இல் வந்தது. எண்ணிக்கை 100க்குள் இருந்தால் கட்டணம் பூஜ்யம். அதற்கு மேல் போனால் 100ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒரே விலையால் பெருக்குங்கள். விலை இப்போதைக்குத் தோராயமாக இருக்கட்டும். ஓடியதும் இரண்டாவது படியை, அதாவது 200 யூனிட்டைத் தாண்டினால் வரும் வேறு விலையை, சேர்த்துக்கொள்ளுங்கள். விலைகளை நடப்புப் பட்டியலைப் பார்த்துப் போடுங்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு தவறு வரும். இரண்டாம் படிக்குள் நுழைந்ததும் மொத்த யூனிட்டையும் இரண்டாம் படி விலையால் பெருக்கிவிடுவீர்கள். 200 யூனிட்டுக்கு ஒரு தொகை, 201க்கு எங்கோ எகிறிய தொகை என்று வரும். அதனால் எப்போதும் எல்லையில் நிற்கும் எண்களைக் கொடுத்துச் சோதியுங்கள்: 0, 100, 101, 200, 201. நடுவில் இருக்கும் 150 எதையும் காட்டிக்கொடுக்காது. பிறகு 500ஐத் தாண்டிப் பாருங்கள். அங்கே கீழ்ப்படிகளின் கணக்கே மாறிவிடுகிறது. ரசீதோடு உங்கள் விடை பொருந்தாது. இரண்டு தனிப் பட்டியல் தேவை என்று நீங்களே கண்டுபிடிக்கும்போது, எந்த வீடியோவிலும் இல்லாத ஒரு முடிவை எடுத்திருப்பீர்கள்.

அறிகுறி: புத்தகத்தில் உள்ளதை அப்படியே தட்டினேன், ஓடவில்லை

அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பாருங்கள். பைதான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட ஏராளமான பாடங்கள் பழைய பதிப்புக்கானவை. பிரிண்ட் என்பதற்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைதான் 2. பாடத்தையே மாற்றுங்கள், ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள்.

நம் கல்லூரிகளில் இன்னொரு வகை உண்டு: ஆய்வகத்தில் நீலத் திரையில் டர்போ சி++. சி++ மொழியில் நிரல் எழுத உதவும் அந்த மென்பொருளை, போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில், விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்துக்காக விற்றது. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998இல். அதனால் அங்கே ஓடிய நிரலை வீட்டில் இன்றைய கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) போட்டால், தலைப்பு ஃபைலின் பெயரிலேயே பிழை தொடங்கும். திரையைத் துடைக்கும் கட்டளை இருக்காது. மெயின் எதையும் திருப்பித் தராது என்று எழுதியிருந்தால் அதையும் ஏற்காது. மாணவர் என்ன செய்வார் பாவம்? தேர்வுக்கு அந்த முறையையும், வேலைக்கு இன்றைய முறையையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. இரண்டையும் கலக்கும்போதுதான் குழப்பம்.

அறிகுறி: பைதானா, ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்டா என்று மாற்றிக்கொண்டே இருக்கிறேன்

கையில் இருக்கும் மொழியிலேயே மின் கட்டண நிரலை முடியுங்கள். மாறி, நிபந்தனை, லூப், ஃபங்ஷன், பட்டியல் எல்லாம் மற்ற மொழிகளிலும் இவைதான்.

அறிகுறி: செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது, நானாக எழுதினால் எதுவும் வருவதில்லை

வீடியோ அறிகுறியின் புதிய வடிவம்தான் இது, இன்னும் வேகமாகத் தொற்றுகிறது. சாட்ஜிபிடி போன்றவற்றை ஒதுக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். பிழைச் செய்தியைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க அவற்றைவிடப் பொறுமையான ஆள் கிடைப்பது அரிது. எதைக் கேட்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள். நிரல் எழுதித் தா என்று கேட்காமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “இது நான் எழுதிய நிரல். 201 யூனிட்டுக்குத் தொகை தவறாக வருகிறது. திருத்தித் தரவேண்டாம். எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்.” எழுதித் தந்ததை வாங்கிக்கொண்டால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: இன்னொரு படியைச் சேர்க்கவேண்டும் என்றால் மறுபடி கேட்காமல் உங்களால் சேர்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது இன்னும் உங்கள் நிரல் ஆகவில்லை. இல்லாத ஃபங்ஷனை இருப்பதாகச் சொல்லும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு. அப்படி வந்த பிழையைத் தேடி இரவைக் கழிக்காதீர்கள்.

அறிகுறி: மணிக்கணக்கில் ஒரே பிழையில் நிற்கிறேன்

முதலில் பாதியாக்குங்கள். நிரலின் கீழ்ப்பாதி வரிகளுக்கு முன் ஹாஷ் குறி (#) போட்டு முடக்குங்கள். பிழை போய்விட்டதா? அப்படியென்றால் அது கீழ்ப்பாதியில் இருக்கிறது. அதில் பாதியைத் திறந்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்து எந்தப் பக்கம் பழுது என்று பார்ப்பது போலத்தான். நூறு வரி என்றாலும் ஏழெட்டு முறைக்குள் ஒரே வரிக்கு வந்துவிடுவீர்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் எழுந்து போய்விடுங்கள். ஒரே வரியை வெறித்துப் பார்த்தால், அங்கே இருப்பதைப் படிக்காமல் இருக்கவேண்டியதையே கண் படித்துக்கொண்டிருக்கும். திரும்பி வந்து, நிரலின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க ஆள் இருக்கவேண்டிய அவசியமில்லை.

பிறகு யாரிடமாவது கேளுங்கள். கேட்கும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். திரையைச் சாய்வாகப் போனில் படம் எடுத்து, விளக்கு வெளிச்சம் பிழைச் செய்தியின்மேல் விழுந்திருக்க, “சார், ஓடவில்லை, அவசரம்” என்று அனுப்புவார்கள். பதில் வராது. வராததும், தான் கேட்டது அவ்வளவு முட்டாள்தனமான கேள்வி போலிருக்கிறது என்று ஒடுங்கிவிடுவார்கள். கேள்வியில் தவறில்லை, அதில் தகவல்தான் இல்லை. இப்படி அனுப்பினால் யாரும் பதில் சொல்வார்கள்:

“விண்டோஸ் 11, பைதான் 3.12. ஏழாம் வாய்ப்பாடு 10 வரை வரவேண்டும், 9இல் நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. லூப் உள்ள மூன்று வரிகளை எழுத்தாகவே கீழே தந்திருக்கிறேன். 10 என்பதை 11 ஆக்கினால் சரியாக வருகிறது. ஏன் என்று புரியவில்லை.”

என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, என்ன செய்து பார்த்தீர்கள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. மூன்று வரியாகச் சுருக்கி எழுத உட்காரும்போதே பாதிப் பிழைகள் அகப்பட்டுவிடும்; அனுப்பவேண்டிய தேவையே இருக்காது.

அறிகுறி: சில வாரம் விட்டேன், எல்லாம் மறந்துவிட்டது

மறந்தது எழுதும் முறை மட்டும். அது இரண்டு நாளில் திரும்பி வரும். பாடத்தை முதலிலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் ஆண்டுக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியாக ஓடிய உங்கள் நிரலைத் திறந்து ஓடவிட்டு, அதில் ஒன்றை மாற்றுங்கள். இனிமேல் எழுந்திருக்கும்போது ஃபைலின் கடைசியில் ஹாஷ் குறி போட்டு, நாளை செய்யவேண்டியதை ஒரு வரியில் எழுதிவிட்டு எழுங்கள்.

அறிகுறி: கூடப் படிப்பவர் பறக்கிறார், நான் நிற்கிறேன்

அவருக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே வீட்டில் கணினி இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: பிழையெல்லாம் தீர்ந்தது, ஆனாலும் உட்காரவே பிடிக்கவில்லை

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பாடம் பிடிக்காமல் இருக்கலாம், அல்லது வேலையே பிடிக்காமல் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு வழி: பாடத்தில் இல்லாத, உங்களுக்கு மட்டும் தேவைப்படுகிற ஒன்றை எடுங்கள். சீட்டுக் கணக்கு, கடை வரவுசெலவு, கிரிக்கெட் அணியின் ரன் விகிதம், எதுவாகவும் இருக்கலாம். சில மாலைகள் அதில் செலவிடுங்கள். பிழை வந்தபோது எரிச்சலோடு ‘ஏன்’ என்று ஒரு கேள்வியும் எழுந்திருந்தால் வேலை பிடித்திருக்கிறது, பாடத்தை மாற்றுங்கள். அந்தக் கேள்வி எழவே இல்லை என்றால், எல்லோரும் ஐ.டி.க்குப் போகிறார்கள் என்பதற்காக இதில் நீடிக்கவேண்டியதில்லை. இதுவரை பழகிய நிபந்தனையும் எல்லைச் சோதனையும் எக்செல்லில் அப்படியே செல்லும். கணக்கு, கிடங்கு, அலுவலக வேலைகளில் எக்செல் ஃபார்முலாவைப் பயப்படாமல் தொடுகிற ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.